காற்றுக்கு எதிரே சாய்த்த கம்பி

போன வாரம் எங்கள் பனியன் கம்பெனியில் பழைய பெடஸ்டல் ஃபேன்களை இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். ஒன்றின் கழுத்துத் திருகைக் கழற்றும்போது கிரீஸும் பஞ்சுத் தூசியும் கலந்த வாடை வந்தது. உங்களுக்கு அது அழுக்கு வாடை. எனக்கு ராக்கெட் வாடை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், நல்லூரில் எங்கள் கம்பெனிக்குப் பக்கத்து வீட்டில் பொன்மலர் டீச்சர் குடியிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மருந்துக்கடைக்காரர், தையல்காரப் பெண்கள் என்று ஏழெட்டுப் பேரைச் சேர்த்து மாதிரி ராக்கெட் கிளப் ஒன்று நடத்தினார். அட்டைக் குழாயில் செய்து, அடியில் வெடிமருந்து வைத்த முழ நீள ராக்கெட். கம்பியில் கோத்து நிறுத்தினால் அதைப் பிடித்துக்கொண்டே கிளம்பும். மேலே போய்ச் சின்னப் பாராசூட்டை விரித்து இறங்கும். அந்தக் கம்பிக்கு ஒரு தாங்கி வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

“அண்ணாச்சி, வேணுங்கிற பக்கம் சாயுத மாதிரி இருக்கணும்.”

பெண்களிடம் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தலையை ஆட்டினேனே தவிர, காதில் வாங்கவில்லை. நான் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். எங்கள் தொழிலில் சாய்வு என்றால் பழுது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, கம்பியை நெட்டுக்குத்தாக வெல்டு வைத்துவிட்டேன். பெருமை வேறு.

முதலிபாளையம் தாண்டி ஒரு தோட்டத்துக்காரரின் தரிசில்தான் ஞாயிற்றுக்கிழமை ராக்கெட் விடுவோம். கிழக்கே ஒட்டினாற்போல் அவருடைய பனியன் துணிகள் கொடியில் காயும். ஆடி மாதம், மேற்கிலிருந்து காற்று தள்ளியது. ராக்கெட் நேராகத்தான் போனது. பாராசூட் காற்றோடு வந்து, கரியும் புகையுமாக வெள்ளைத் துணியில் உட்கார்ந்தது.

“ஏனுங்க டீச்சர், இதுக்குங்களா நாங்க துணி வெளுக்கறோம்? அடுத்த வாரமும் இப்படி உழுந்துச்சுன்னா இந்தப் பக்கமே வந்தறாதீங்க,” என்றார் தோட்டத்துக்காரர்.

எங்களுக்கு இருந்ததே அந்த ஓர் இடம்தான்.

“ஃபிட்டர் ரசமட்டத்தோடயே பொறந்தவருங்க, சாயவே மாட்டாரு,” என்று மருந்துக்கடைக்காரர் சிரித்தார். டீச்சர் மட்டும் சிரிக்காமல் துணியில் ஒட்டிய கரியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அதுதான் சுட்டது.

மறுநாளே கம்பெனி மூலையில் றெக்கை ஒடிந்து கிடந்த பெடஸ்டல் ஃபேனை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். உயரத்துக்கு ஒரு திருகு, கழுத்தைச் சாய்க்க ஒரு திருகு. எல்லாம் அதிலேயே இருந்தது. மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கம்பியைப் பொருத்தினேன். நெருப்பு படும் இடத்துக்கு எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டு போனது. அதற்கு நான் வாங்கிய பேச்சு தனிக் கதை.

அடுத்த ஞாயிறும் அதே காற்று. தோட்டத்துக்காரர் கையில் கம்போடு கொடிக்குக் காவல் நின்றார். டீச்சர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, “நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, எம்புட்டு சாய்க்கணும்?” என்றார்.

அதுவரை எந்தக் கூட்டத்திலும் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்தேன்.

“காத்துக்கு எதுக்க, மேக்கால கொஞ்சமுங்க.”

சாய்த்துத் திருகை இறுக்கினேன். தள்ளி நின்று டீச்சர் பேட்டரி சுவிட்சைத் தட்டினார். ராக்கெட் மேற்கே சாய்ந்து ஏறியது. பாராசூட் விரிந்து, காற்றிலேயே திரும்பி வந்து, கொடிக்கு இருபதடி முன்னால் கொழுக்கட்டைப் புல்லில் விழுந்தது. தோட்டத்துக்காரர் கம்பைக் கீழே போட்டார்.

“இன்னொண்ணு இருக்குங்களா?”

இரண்டு வருடம் அங்கேயே விட்டோம். பிறகு டீச்சர் மாற்றலாகி ஊருக்குப் போனார், கிளப்பும் கரைந்துவிட்டது. கூச்சக்காரனை நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாரே, அதற்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். தரிசு முழுக்கக் கட்டடம். கொடி கட்டிய கல்தூண்கள்கூட இல்லை; துணியெல்லாம் உள்ளே மிஷினில் காய்கிறதாம். யாரைப் பார்க்க வேண்டும் என்று வாசல் காவலாளி இந்தியில் கேட்டார். ராக்கெட் விழுந்த இடம் எதுவாக இருக்கும் என்று நான் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு லாரியில் அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.