கோயில் சீட்டு போதும் என்று சொன்னவன்

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். அறுபத்தெட்டு வயதில் பகுதிநேரமாகச் சட்டம் படிக்கப் போனது அறிவுத் தாகத்தால் அல்ல. எங்கள் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு இளம் வழக்கறிஞர்கள் என்னை மடக்கிப் பேசினார்கள். அவர்கள் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் சனிக்கிழமை காலை வகுப்பு. முதல் பாடம் அரசியலமைப்புச் சட்டத்தின் அடிப்படைகள். பலகையில் இருப்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு எழுந்து போகிற பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பதே எனக்குக் கேவலமாகப் பட்டது. நாடாளுமன்றமும் அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டதே என்று நான் ஒப்பிக்கத் தொடங்கினால், "ஜட்ஜ் அங்கிள் ஆரம்பிச்சிட்டாரு லா" என்று பின்வரிசையில் சிரிப்பார்கள்.

எல்லோரையும்விட என் எரிச்சலைக் கிளப்பியவர் பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தவர். நாற்பதைத் தாண்டியவர். ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்து முன்வரிசையில் கொட்டாவி விடுவார். எந்தப் பாடம் நடந்தாலும் குடியுரிமைக்கே வந்து நிற்பார். அதிகாரப் பிரிவினை நடத்தினால், "அப்போ குடியுரிமைய யாரு முடிவு பண்றது சார், மந்திரியா, கோர்ட்டா?" என்பார்.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் கேட்டேவிட்டேன். "தம்பி, பரீட்சைக்கு எட்டுத் தலைப்பு இருக்கு. நீங்க ஒண்ணையே கட்டிக்கிட்டு அழறீங்களே?"

"எனக்கு அந்த ஒண்ணுதான் வேணும் ஐயா. மகளுக்குப் பதினாறு வயசு. பிறப்புப் பத்திரத்துல குடிமகள் இல்லேன்னு போட்டிருக்கு. கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் குடிமக்களோட அடையாள அட்டை, நீல ஐசி, வச்சிருக்குதுங்க. இவளுக்கு இல்ல."

அவர் மனைவி தமிழ்நாட்டுக்காரர். கோயிலில் தாலி கட்டினார். அரசாங்கத்தில் திருமணத்தைப் பதிந்தது பிள்ளை பிறந்த பிறகு. பிறந்த அன்று பதிவு இல்லையென்றால், தகப்பன் இந்நாட்டுக்காரராக இருந்தாலும் சட்டம் பிள்ளையைத் தாயோடு சேர்த்துவிடும். தாய் அந்நியர், அதனால் மகளும் அந்நியர்.

"படிக்காதவங்க மாதிரி ஏன் பதியாம விட்டீங்க?" என்றேன்.

அவர் குவளையைக் கீழே வைத்தார். "தாலி கட்டுனது உங்க கோயில்லதான் ஐயா. நீங்கதான் செயலாளர். ரெஜிஸ்டர் பண்ணணுமான்னு கேட்டேன். 'கோயில் சீட்டு போதும், அதெல்லாம் பிறகு பாத்துக்கலாம்'னு சொன்னீங்க. வகுப்புக்கு வந்த மொத நாளே உங்கள அடையாளம் தெரிஞ்சிருச்சு. சொல்லிக்காட்ட வேணாம்னு இருந்தேன்."

அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. அந்த வார்த்தைகள் ஞாபகமிருந்தன. எத்தனை ஜோடிகளிடம் சொல்லியிருப்பேனோ. ஐயர் மந்திரம் சொல்லி, கோயில் கல்யாணச் சீட்டில் நான் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திய பிறகு வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்ற திமிர்.

குடியுரிமை விண்ணப்பத்தோடு இணைக்க அவர் என்னிடம் ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரம் கேட்டார். அதில் இரண்டு விஷயங்கள்: கல்யாணம் இன்ன நாளில் நடந்தது, பதிவு அவசரமில்லை என்று சொன்னது நான். முதலாவதை எழுதிக் கொடுத்தேன். இரண்டாவதை, "சட்டப்படி அது சம்பந்தமில்லாதது" என்று தள்ளிவிட்டேன். ஆறு மாதம் படித்த சட்டம் அதற்குத்தான் பயன்பட்டது. உண்மையில், கோயில் கூட்டத்தில் என்னை மடக்கிய அந்த இரண்டு வழக்கறிஞர்கள் கண்ணில் அது பட்டுவிடுமோ என்று பயந்தேன். "சரி ஐயா" என்று தாளை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு வருடம் கழித்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. நான் விட்ட வரிதான் காரணம் என்று சொல்லமாட்டேன். என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதாக நினைப்பதும் பழைய திமிர்தான். ஆனால் அந்தக் கோப்பைப் படிக்கிற எவருக்கும் பெற்றோர் அலட்சியமாக இருந்தார்கள் என்றே படும். அலட்சியம் என்னுடையது.

போன வாரம் இரண்டையும் எழுதி, சத்தியம் செய்து, முத்திரை வாங்கி அவர் வீட்டுக்குப் போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள். "அப்பா, அந்தக் கோயில் ஆளு வந்திருக்காரு" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

அவர் வாசலில் நின்றபடியே இரண்டு முறை வாசித்தார்.

"இத அப்பவே குடுத்திருக்கலாம்."

"ஆமா" என்றேன்.

"இருபத்தொரு வயசுக்குள்ள மறுபடி மனு போடலாம். இன்னும் நாலு வருஷம் இருக்கு" என்றார். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை.