என் கையிலேயே இருந்த காரணம்

மூன்று வருடங்களுக்கு முன், கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. தேர்வாய் கண்டிகையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. முதல் குழந்தை பிறந்தது, பெண். இடது கையில் கட்டைவிரல் இல்லை. மணிக்கட்டு ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

என் மனைவிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஒரு கிரகணம் வந்தது. அன்று அவள் மீன் நறுக்கினாள். ஊரில் எல்லோரும் அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். நான் ஒரு படி மேலே போனேன். குழாயடியில் நாலு பேர் பார்க்க, "உன்னாலதான் புள்ள கை இப்டி ஆச்சு" என்று கத்தினேன். அதன்பிறகு குழந்தையின் கையைத் துணியால் மூடாமல் அவள் வெளியே வந்ததில்லை.

மூன்றாம் மாதம், பால் குடிக்கும்போதெல்லாம் குழந்தைக்கு மூச்சு வாங்கியது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயத்தை ஸ்கேன் எடுத்து முடித்ததும், மனைவி குழந்தைக்குப் பால் கொடுக்க வெளியே போனாள். டாக்டரம்மா என்னிடம், "உங்க கையக் காட்டுங்க" என்றார். ஸ்க்ரூ திருகும்போது என் மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

படத்தைப் பார்த்துவிட்டு, "மணிக்கட்டுல எட்டு சின்ன எலும்பு தனித்தனியா இருக்கணும். உங்களுக்கு ரெண்டு ஒட்டியிருக்கு. கையையும் இதயத்தையும் உருவாக்குற மரபணு ஒண்ணுல கோளாறு. உங்களுக்கு லேசா இருக்கு, அதுவே உங்ககிட்டருந்து குழந்தைக்கு அதிகமா வந்திருக்கு. இதயத்துல ஓட்டை இருக்கு" என்றார்.

தயங்கித் தயங்கிக் கிரகணத்தைப் பற்றிக் கேட்டேன்.

"வவ்வால் இறக்கை, மாட்டோட முன்னங்கால், நம்ம கை, எல்லாத்தையும் கருவுலயே இந்த மாதிரி மரபணுங்கதான் வடிவமைக்குது. ரெண்டு மாசத்துலயே கை உருவாகிடும். ஏழாம் மாசக் கிரகணம் என்ன பண்ணும்? இது யார் தப்பும் இல்ல."

அந்த வார்த்தையைக் கேட்க வேண்டியவள் வெளியே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது ரயிலில் மீஞ்சூர் தாண்டும்வரை எப்படிச் சொல்வதென்றே யோசித்துக்கொண்டிருந்தேன். மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பொன்னேரியில் கூட்டம் இறங்கியதும் சொன்னேன். அவள் அழவில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எங்க நின்னுக்கினு என்னைச் சொன்னியோ, அங்கயே போய் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. குழாயடியில் ஆட்களைப் பார்த்தாலே வண்டியை நிறுத்தாமல் போய்விடுவேன்.

ஆபரேஷனுக்குக் குழந்தையின் எடை ஏற வேண்டும் என்று காத்திருந்தோம். ஒரே மாதத்தில் சளி கட்டி, இரண்டே நாளில் குழந்தை இறந்துவிட்டது. அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுக்காரம்மா, "கிரகணத்தன்னிக்கு சும்மா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். அப்போதுதான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. "பொண்டாட்டிய காப்பாத்தப் பேசறான் பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

இப்போதும் நானும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. பழி போட ஒரு நிமிடம்கூட யோசிக்காத நான், உண்மையைச் சொல்ல என் மகள் சாகும்வரை காத்திருந்தேன் என்பது இன்றுவரை என்னை அறுத்துக்கொண்டிருக்கிறது.