கொதிக்காத ராஜ்மா

டிப்போவில் அவருக்குப் பெயர் 'பிரேக்'. அவர் பஸ்ஸை நிறுத்தினால் பின்சீட்டு ஆள் முன்சீட்டுக்கு வந்துவிடுவான் என்பார்கள். அப்படிப்பட்ட மனுஷன் கொஞ்ச காலமாகப் பூப்போல ஓட்டிக்கொண்டிருந்தார். சம்சாரம் நோயில் படுத்ததிலிருந்து கைகாலில் இருந்த முரட்டுத்தனமெல்லாம் வடிந்துபோயிருந்தது.

மருந்து ஏற ஏற அவளுக்கு நாக்கு செத்துப்போனது. எதைக் கொடுத்தாலும் மண்ணு மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிடுவாள். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: சாப்பிட்டு எடை ஏறினால்தான் அடுத்த மருந்து, இல்லாவிட்டால் உடம்பு தாங்காது, நிறுத்த வேண்டியதுதான். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. 

நேற்று சாயங்காலம் அவளே வாயைத் திறந்தாள். "அந்த ராஜ்மாவும் சாசேஜும் போட்ட ஸ்டூ இருந்தா ரெண்டு வாய் சாப்பிடலாம்னு தோணுது."

அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. "நான் செய்றேன்."

"நீங்களா? அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா?"

"ஸ்லோ குக்கருக்கு அடுப்பு எதுக்கு? நீ செய்றதை எத்தனை தடவை பார்த்திருக்கேன்!"

பார்த்தது உண்மைதான். விடியற்காலை ஷிப்டுக்கு அவர் சட்டை மாட்டும்போது, அவள் ராஜ்மா, வெங்காயம், தக்காளி, சாசேஜ் துண்டுகள் எல்லாவற்றையும் அந்தக் கரண்ட் சட்டியில் கொட்டி, மூடி, சூட்டைக் குறைத்து வைத்துவிட்டுக் கொட்டாவி விடுவாள். இன்று அவரும் அப்படியே செய்தார். ராத்திரி ஊறிய ராஜ்மா, வெங்காயம், எல்லாம். கொட்டாவி ஒன்றுதான் பாக்கி. தூங்கட்டும் என்று அவளுடைய போனைச் சத்தமில்லாமல் ஆக்கினார். "முழிச்சதும் சாப்பிடு" என்று காதோடு சொல்லிவிட்டு வந்தார்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், சிக்னலில் பஸ் நின்றபோது கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்னண்ணே, மூஞ்சியில இன்னிக்கு வெளிச்சம் அடிக்குது?"

சொன்னார். பெருமையாகவே சொன்னார். கண்டக்டர் வீட்டில் சமையல் அவன்தான்.

"ராஜ்மாவைத் தனியாக் கொதிக்கவச்சு அந்தத் தண்ணியைக் கொட்டினீங்கல்ல?"

"எதுக்குடா? அதான் விடியக்காலையிலேருந்து வேகுதே."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "வேகும்ணே, கொதிக்காது. அந்தச் சட்டிச் சூடு பத்தாது. சிவப்பு ராஜ்மாவுல விஷம் இருக்கு, தளதளன்னு கொதிச்சாத்தான் போகும். என் மச்சான் இப்படித்தான் ஒரு தட்டு சாப்பிட்டுட்டு வாந்தி நிக்காம டிரிப்ஸ் ஏத்தினாங்க. அவனே எருமை மாதிரி இருப்பான்."

தண்ணீர் குடித்தாலே சுருண்டு படுப்பவள் அவள்.

"போன் போடு. சீக்கிரம் போடுடா!"

கண்டக்டர் போட்டான், மறுபடி போட்டான். "எடுக்கலையேண்ணே."

எப்படி எடுப்பாள்? சத்தத்தை அணைத்த பாவி அவர்தானே.

சிக்னல் விழுந்தது. அடுத்த நிறுத்தத்தில் பஸ் நிற்கவில்லை. அதற்கடுத்ததிலும் நிற்கவில்லை. கை காட்டியவர்கள் திட்டியது கண்ணாடியில் தெரிந்தது. உள்ளே ஒரு அம்மா, "யோவ், பஸ் ஓட்டுறியா, பிளேன் ஓட்டுறியா?" என்று கத்தினாள். போகும் வழியிலேயே இருந்த வீட்டுத் தெருமுனை வந்ததும் பழைய பிரேக் திரும்பி வந்தார். பஸ் முழுக்க ஒருமுறை குப்புற விழுந்து எழுந்தது.

"ஓடுங்கண்ணே, நான் பார்த்துக்கறேன்!"

மாடிப்படியில் மூச்சு இரைத்தது. பூட்டில் சாவி நுழைய மறுத்தது. உதைக்கலாம் என்று காலைத் தூக்கியபோது திறந்துகொண்டது.

அவள் மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். முன்னால் கிண்ணம். கரண்டி உதட்டருகில்.

அவர் அடித்த அடியில் கரண்டி சுவரில் போய் விழுந்தது.

"முழுங்கிட்டியா? சொல்லும்மா, முழுங்கிட்டியா?"

"இல்லீங்க... சூடு ஆறட்டும்னு ஊதிக்கிட்டு இருக்கேன். என்ன ஆச்சு?"

"கொதிக்க வைக்கல. நான் அதைக் கொதிக்க வைக்கல."

அவளுக்கு உடனே புரிந்தது. "அதை நான் ராத்திரியே செஞ்சு வச்சிருவேன். நீங்கதான் குறட்டை விட்டுக்கிட்டு இருப்பீங்களே, எப்படித் தெரியும்?" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கிண்ணத்தையே பார்த்தாள். "வாசனைக்குத்தான் எழுந்தேன். நெசமாவே பசிச்சுதுங்க."

அவர் சட்டியோடு தூக்கிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். கை சுட்டது தெரியவில்லை. இந்தப் பசி எவ்வளவு நேரம் நிற்கும்? வந்த வழியே போய்விட்டால் மறுபடி எப்போது வரும்? வாணலியை வைத்து முட்டையை உடைத்தார். பாதி அடுப்பில் ஒழுகியது. ஓடு விழுந்தது, விரலால் தோண்டி எடுத்தார். கீழே பஸ் ஹாரன் விடாமல் அலறியது.

"பஸ்ஸை எங்க விட்டீங்க?"

"நடுரோட்டுல."

"ஆளுங்களோடயா?"

"ஆமா. நீ சாப்பிடு."

"வேலை போயிடும்ங்க."

"வாயைத் திற."

ரொட்டியும் முட்டையுமாக ஒரு துண்டை ஊட்டினார். அவள் மென்றாள். முகம் சுளித்தது. அவர் மூச்சு விடவில்லை. ஹாரன் இன்னும் பலமாக அடித்தது. அவள் தொண்டை அசைந்து அது உள்ளே இறங்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"உப்பே இல்ல" என்றாள்.

மண்ணு மாதிரி இருக்கிறது என்று சொல்லவில்லை. அவர் உப்பு டப்பாவைத் தேடினார். எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.