மேடையில் ஒரு நிறைகூடை

திரை விலகியதும் என் கண்ணில் முதலில் பட்டது மேடையின் நடுவில் இருந்த தேயிலைக் கொழுந்துக்கூடை. காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நாடகங்களில் கூடைகள் எப்போதும் காலிதான். நடிக்கும் பிள்ளைகள் அவற்றைத் தொப்பி மாதிரித் தூக்கி மாட்டிக்கொண்டு ஆடுவார்கள். ஹட்டனில் அன்று பிற்பகல் காட்சி. அரைமணி தாமதமாகத் தொடங்கினார்கள். மண்டபத்தின் பன்னிரண்டு ஜன்னல்களில் மூன்றை மூட முடியாது. அந்த மூன்றின் காற்றும் என் காதுக்கே வந்தது. வட்டகொடைக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸை நினைத்து நான் அப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்டேன்.

என் இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் அக்காவின் கூட்டாளி. நடுவில் நான் சுவர். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒன்றாக வாழ்ந்து, முப்பது வருடங்களுக்கு மேல் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறித்தவர்கள் இருவரும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டாளியை அவளுடைய மகன் கொழும்புப் பக்கம் வத்தளைக்கு அழைத்துப் போகிறான், இனி அங்கேதான். அதைக் கேட்ட நாளிலிருந்து அக்கா அவளோடு பேசவில்லை. "போறவ போகட்டும் தம்பி, நா என்ன குறுக்கால படுத்தா கெடக்கேன்?" என்று என்னிடம் சொன்னதோடு சரி. நாடகத்தில் நடிக்கும் என் பழைய மாணவி மூன்று சீட்டுகள் தந்திருந்தாள். ஒருத்தி வருவதை மற்றவளிடம் சொல்லாமல் இருவரையும் கூட்டிவந்துவிட்டேன். பஸ்ஸில் ஒருத்தி முன்னால் உட்கார்ந்தாள், ஒருத்தி பின்னால்.

இப்படி அவர்கள் முறைத்துக்கொள்வது புதிதல்ல. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த புதிதில், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் யாரோ குடத்தைப் பின்னால் நகர்த்தி வைத்ததற்காக ஒரு வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்தார்கள். அப்போது என் வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்கள் பறிக்கும் மலை. கொழுந்து நிறுக்கும் நேரமானதும் பெண்கள் கூடையை ஏற்றுவார்கள். நிறைந்த கூடையை ஒருத்தி தனியாக முதுகில் ஏற்ற முடியாது. கயிற்றைத் தலையில் கொடுத்துக் குனிந்து நிற்க வேண்டும். பக்கத்து நிரைக்காரி பின்னாலிருந்து அடியில் கைகொடுத்து "ம்" என்பாள். அந்தச் சத்தத்தில் இவள் எழ வேண்டும். அக்கா கயிற்றைக் கொடுத்துக் குனிவாள். கூட்டாளி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே வந்து கைகொடுப்பாள். "ம்." பிறகு அக்கா அவளுக்கு. "ம்." வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். இருவருமே ஒருநாளும் கூப்பிடவில்லை. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை, ஆளுக்கு மூன்று "ம்". அதையும் பேச்சில் சேர்த்தால் அவர்கள் ஒருநாளும் பேசாமல் இருந்ததில்லை என்றுதான் என் கணக்கு சொல்கிறது.

நாடகமும் இரண்டு கூட்டாளிகளைப் பற்றியதுதான், சிறுமிகளாய் இருந்ததிலிருந்து தலை நரைக்கும் வரை. பாட்டு கொஞ்சம் அதிகம். தேயிலைச் செடிகள் காகிதம். அக்கா என் காதில், அந்தக் குட்டி கொழுந்து பறிக்கிறாளா, பேன் பார்க்கிறாளா என்று கேட்டாள். நானும் சிரித்தேன். அதன் பிறகுதான் அந்தக் காட்சி வந்தது. சண்டை போட்டுப் பிரிந்த இருவரில் ஒருத்தி கூடைக்கு முன்னால் குனிந்தாள். எழ முயன்றாள், முடியவில்லை. இன்னொரு முறை முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. கூடைக்குள் ஈரச் சாக்குகளைத் திணித்திருந்தார்கள் என்று பிறகு என் மாணவி சொன்னாள். மேடையின் மறுகோடியிலிருந்து மற்றவள் வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே. அடியில் கைகொடுத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் மண்டபத்தில் பாதிப் பெண்கள் "ம்" என்றார்கள். எத்தனையோ மேடை பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளைப்போல ஒரு மண்டபத்தையே குனிந்து எழவைத்தவர்களைப் பார்த்ததில்லை. பஸ்ஸை மறந்துவிட்டேன்.

அக்கா என்னைத் தாண்டிக் குனிந்தாள்.

"இத யாருடி அதுகளுக்குச் சொன்னது?"

"நாந்தான். கதை கேட்டு லயத்துக்கு வந்துச்சுக. சொன்னேன்."

"பீலியடிச் சண்டையவா?"

"சண்டைய இல்ல. நீ தூக்கிவிட்டத. ஒங்கிட்ட சொல்ல வாய் வரல, அதுககிட்ட சொல்லிப்புட்டேன்."

அக்கா மேடையைப் பார்த்தபடியே கேட்டாள், "போற எடத்துல யாரு ஒனக்குத் தூக்கிவிடுவா?"

"அங்க என்னடி, கூடையா இருக்கு?"

சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்கா நிமிர்ந்துவிட்டாள். திரும்பும் பஸ்ஸிலும் ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால்தான். ஞாயிறு வரை வேறு பேச்சு இல்லை. கூட்டிப்போனது வீணோ என்று எனக்கு நான்கு நாளும் தூக்கமில்லை.

ஞாயிறு காலை வேன் லயத்துக்குக் கீழே நின்றது. பதினொரு பொட்டலங்கள் ஏறின. அக்கா வாசற்படியை விட்டு இறங்கவில்லை. வேனின் படி உயரம்; கூட்டாளி கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்தாள், முட்டி எழவில்லை. மகன் கைகொடுக்க வந்தான். "நீ இருடா" என்றாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து அப்படியே நின்றாள். அந்த நிலையை நான் என் ஜன்னலிலிருந்து ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். மேடையிலும் பார்த்துவிட்டேன். ஆனால் அன்று அவள் தலையில் கயிறு இல்லை, முதுகில் கூடை இல்லை.

அக்கா இறங்கி வந்தாள். என்னையும் மகனையும் தோளால் ஒதுக்கினாள். இரண்டு கைகளையும் கூட்டாளியின் இடுப்புக்கு அடியில் கொடுத்தாள்.

"ம்."

கூட்டாளி எழுந்தாள்.