கத்தச் சொன்ன மிஸ்ஸி

போன வாரம் பாக்கார் ஆராங் கிளினிக்கில் என் கால் கட்டைவிரல் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்த நர்ஸ், பிளாஸ்திரியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், கொஞ்சம்தான் வலிக்கும்லா. தாஹான் பண்ணிக்கோங்க" என்றாள். நல்ல பெண், என் பேத்தி வயது. தாங்கிக்கொண்டேன். ஆனால் 'கொஞ்சம்தான்' என்றதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புண்ணைப் பிரிக்கும்போது சிரிக்கிற சர்க்கரை வியாதிக்காரக் கிழவனை அவள் பார்த்ததில்லை போலும். ரத்த அழுத்தத்தை இன்னொரு முறை அளந்தாள்.

வீட்டுக்கு வந்தால் மருமகள் குழம்புக்குப் பப்பாளிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காயிலிருந்து வடியும் பாலுக்கு ஒரு பச்சை வாசனை உண்டு. எனக்கு அது சமையல் வாசனை இல்லை, ஆஸ்பத்திரி வாசனை. சண்டையில் ஜப்பான்காரன் எங்களைப் பிடித்து ஆண்ட காலத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பப்பாளிதான் மருந்து. அதையும் உப்புப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரையும் பழைய கைலி கிழித்த துணியையும் விட்டால் அங்கே இருந்தது ஞானம் மிஸ்ஸியின் வாய் மட்டும்.

நர்ஸை அப்போது மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். தோட்டம் சிடாம் கிரி பக்கம். டாக்டர் துரை சண்டை தொடங்கியதுமே தெற்கே ஓடிவிட்டார். மருந்து கலக்கிக் கொடுத்த டிரஸரை ராணுவம் கூட்டிப்போய்விட்டது. மிச்சம் இருந்தவர் ஞானம் மிஸ்ஸி ஒருவர். சுங்கை பட்டாணி கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், முப்பது வயது இருக்கும். கணவர் சவரி எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர்ப் பால் உறைய வைக்கிற வேலை பார்த்தவர்.

எனக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது. அதைத் தடவிக்கொண்டே மரவள்ளிக்குக் கொத்தியதில் மண்வெட்டி என் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. சோறில்லாத உடம்பில் புண் ஆறவில்லை, பரவியது. வார்டில் கிடந்த எல்லோருக்குமே கால் புண்தான். அழுகிய சதையை விளிம்பு தீட்டிய ஸ்பூனால் வழித்தெடுக்க வேண்டும். மயக்க மருந்து கிடையாது.

மிஸ்ஸி முதலில் ஸ்பூனை எடுக்க மாட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வரிசை வீடுகளில் எந்த லயம், அம்மா பெயர் என்ன, கப்பலேறி வந்த ஊரில் எந்த ஜில்லா என்று விசாரிப்பார். விசாரித்து முடிப்பதற்குள் நமக்கு ஒரு முறை வந்திருக்கும்: மாமா, அண்ணன், சித்தப்பா, தம்பி. யாரும் அங்கே வெறும் நோயாளி இல்லை. பிறகு முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்வார்.

"தம்பி, நல்லா வலிக்கும். கத்துங்க. சும்மா கத்தாதீங்க, யாரையாச்சும் திட்டிக் கத்துங்க."

இந்தத் திட்டுத்தான் எங்கள் வார்டின் தனி வழக்கம். யாரைத் திட்டலாம் என்று கட்டுக்கு முன்பே முடிவு செய்துகொள்வோம். பக்கத்துக் கட்டில் பெரியவர் என்றோ செத்துப்போன மாமியாரைத் திட்டுவார். அந்த அம்மாள் சீராகத் தராமல் விட்ட அண்டா ஒன்றைப் பற்றி அவ்வளவு விரிவாகத் திட்டுவார். நாங்கள் சிரிப்போம், மிஸ்ஸியும் சிரிப்பார், அதற்குள் பாதி சதை வழித்தாகியிருக்கும். வழிக்கும்போது "இன்னும் ஒரு ஓரம் இருக்கு", "இதுதான் கடைசி" என்று சொல்லிக்கொண்டே வருவார். கடைசி என்றால் கடைசிதான். அந்த வார்த்தை ஒருநாளும் பொய்த்ததில்லை.

நான் திட்டியது தண்டலை.

தண்டல் என்றால் வேலைக்காரர்களை மேய்க்கிறவர். எங்கள் தண்டல் தன்னை எல்லோரும் 'ஐயா' என்று கூப்பிட வேண்டும் என்பார், அண்ணே என்று கூப்பிட்டவனைப் பிரம்பால் அடிப்பார். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது, பேர் கூப்பிடுகிற காலைப் பெரட்டில் வரிசையாக நின்றவர்களை அந்தப் பிரம்பால்தான் சுட்டினார். என் அண்ணன் கோபாலைச் சுட்டினார். சவரியைச் சுட்டினார். "மூணே மாசம்டா. சோறு, சம்பளம், சட்டை." ஜப்பான்காரன் அவரையே மேஸ்திரியாக்கி லாரியில் ஏற்றிவிட்டான்.

நான் கால் புண்ணோடு கிடந்த சமயத்தில் அவர் மட்டும் திரும்பி வந்தார். இரண்டாவது லாரிக்கு ஆள் சேர்க்க வந்திருந்தார். "எல்லாரும் நல்லா இருக்கானுங்க. இங்க நீங்க கிழங்கு திங்கிறீங்க, அங்க அவனுங்க வெள்ளைச் சோறு திங்கிறானுங்க" என்று லயம் லயமாகச் சொன்னார். பெண்கள் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? ஆனால் அவர் கணுக்காலில் எங்களுடையதைப் போலவே ஒரு புண் இருந்தது. அது பெருத்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்தார்.

மிஸ்ஸி அந்தப் புண்ணை வெகுநேரம் பார்த்தார். வெள்ளைச் சோறு தின்கிற இடத்தில் அப்படிப் புண் வராது என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு அவர் கட்டில் ஓரத்தில் உட்காரவில்லை. எந்த லயம் என்று கேட்கவில்லை. சுத்தமாகக் கை கழுவிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்பூனை வைத்தார். தண்டல் போட்ட சத்தத்தில் கூரைப் புறாக்கள் பறந்தன. வேலையில் ஒரு குறை கிடையாது. எங்களுக்குக் கொதிக்க வைத்த அதே தண்ணீர், அதே துணி. வார்த்தை மட்டும் கிடையாது. எப்போது தொடங்கும், எப்போது முடியும், இன்னும் எத்தனை ஓரம் என்று தெரியாத வலி எப்படிப்பட்டது என்பதை நான் அந்த மனிதரின் முகத்தில் பார்த்தேன். திருப்தியாக இருந்தது.

"ஏய், சொல்லிட்டுச் செய்ய மாட்டியா?" என்றார் முதலில். பிறகு, "மிஸ்ஸி, சொல்லிட்டுச் செய்ங்க." அப்புறம் தங்கச்சி ஆனார் மிஸ்ஸி. பெரியவரோ தன் முறை வந்ததும் மாமியாரைக் கைவிட்டு, தண்டலின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தண்டலைத் திட்டத் தொடங்கினார். மிஸ்ஸி, "நல்லாக் கத்துங்க மாமா, காதுல விழல" என்றார்.

ஒரு மத்தியானம், வீட்டுப் பெண்கள் கிழங்கு கொண்டுவந்து எங்களுக்கு ஊட்டிக்கொண்டிருந்த நேரம், தண்டல் உடைந்தார்.

"தாயி, ஏதாச்சும் பேசு தாயி."

மிஸ்ஸி ஸ்பூனை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். காத்திருந்தார்.

"சவரி போயிட்டான் தாயி. காலரா. குழியில போட்டோம்."

மிஸ்ஸி எழுந்துபோய்த் தண்ணீரை மாற்றிக்கொண்டு வந்தார். அது மாற்ற வேண்டிய தண்ணீர் இல்லை, அப்போதுதான் ஊற்றியது. உட்கார்ந்தார்.

"வேற யாரு?"

அவர் சொல்லச் சொல்ல, வார்டில் கிழங்குத் தட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கோபால் பெயரும் வந்தது. சாயங்காலம் எல்லா லயத்திலும் ஒப்பாரி. இரண்டாவது லாரி வருவதற்குள் நடக்க முடிந்த ஆண்கள் எல்லோரும் கோத்தா கோலா மூடா பக்கம் மீன்பிடிக் கம்பத்துக் கிராமங்களுக்குள் போய் மறைந்துவிட்டார்கள்.

என் கால் ஏறக்குறைய ஆறியிருந்தது. நானும் கிளம்புகிறேன் என்றேன். "ஓடினா மறுபடி கிழிஞ்சிரும் தம்பி. படுங்க" என்று மிஸ்ஸி புதுக் கட்டுப் போட்டார். எல்லோருக்கும் போட்டார். தண்டலின் காலைத்தான் முன்னைவிட அக்கறையாகக் கழுவினார்.

"அதை ஏங்க்கா கழுவுறீங்க? அழுகட்டும்" என்றேன்.

"நடக்கணும் தம்பி. நல்லா நடக்கணும்."

சாமி மன்னிக்கச் சொல்லியிருக்கும் என்று எண்ணி, அவருடைய சாமி மேலேயே எனக்குக் கோபம் வந்தது. மனிதர்களைப் படிப்பதில் நான் அப்போது அவ்வளவு கெட்டிக்காரன்.

லாரி வந்த காலையில் மிஸ்ஸி எங்கள் கட்டுகளின் மேல் அழுகிய பப்பாளியைப் பிசைந்து பூசினார். லயங்களில் ஆண்பிள்ளை கிடைக்காத ஆத்திரத்தோடு ஜப்பான் அதிகாரி வார்டுக்குள் வந்தான். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டான். தண்டல் முனகிக்கொண்டு படுத்திருந்தார். அவர் கால் மேல் பப்பாளி இல்லை. மிஸ்ஸி அதிகாரிக்குத் தலை வணங்கி, தண்டலின் கட்டை மெதுவாக அவிழ்த்தார். இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். இவ்வளவு அழகாக ஆறிய புண்ணை அந்த வார்டில் நாங்கள் பார்த்ததில்லை.

"இனி ஓராங் சுடா பாயிக், துவான். போலே ஜாலான்." இந்த ஆளுக்குக் குணமாகிவிட்டது ஐயா, நடப்பார்.

இரண்டு சிப்பாய்கள் பிடித்துத் தூக்கினார்கள். "தங்கச்சி, வேணாம்னு சொல்லு தங்கச்சி!" படிவரைக்கும் மிஸ்ஸி கூடவே போனார். கைகளைத் துடைத்துக்கொண்டு, எங்கள் எல்லோரிடமும் பேசுகிற அதே குரலில், முதல் தடவையாக அவருக்கு முறை வைத்தார்.

"அண்ணே, நல்லா வலிக்கும். கத்துங்க."

நன்றாகவே நடந்துபோய் லாரியில் ஏறினார். அவர் திரும்பி வரவில்லை.

சண்டை முடிந்து மிஸ்ஸி பிரசவ வார்டுக்குப் போனார் என்றும், அங்கேயும் பெண்களை நன்றாகக் கத்தச் சொல்வார் என்றும் கேள்விப்பட்டேன். தோட்டத்தை எப்போதோ துண்டு போட்டு விற்றார்கள். ஆஸ்பத்திரி இருந்த மேட்டில் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை நிற்கிறது. லயங்கள் இல்லை, பெரட்டுக் களம் இல்லை. அந்தப் பிரம்பை நேரில் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்.

இங்கே சவரி பெயரை எழுதினேன், கோபால் பெயரை எழுதினேன். தண்டலுக்கும் ஒரு பெயர் இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகமும் இருக்கிறது. பின்னாளில் பத்திரிகையில் பல வருஷம் மற்றவர்களின் பெயர்களைப் பிழையில்லாமல் அச்சேற்றியவன் நான். இந்த ஒன்றை மட்டும் எங்கேயும் ஏற்றவில்லை. என்னோடு அதுவும் போகட்டும்.