ஓரத்தில் மல்லாட்டை இல்லை

பிள்ளைகளே, நான் எட்டாவதோடு நின்றவன். கொத்தனார் வேலை. கரண்டி பிடித்த அளவுக்குப் பேனா பிடித்ததில்லை. ஆனாலும் திண்டிவனத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஓடிய ஓட்டத்தை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் அவள் வகுப்புக்கு விளையாட்டு பீரியடை எடுத்துவிட்டுக் கணக்கு நடத்தப் போவதாகப் பேச்சு வந்தது. பி.டி. மிஸ் விடவில்லை. “நாள் முழுக்க உட்கார்ந்தே கிடந்தால் கணக்கு எப்படிங்க மேடம் ஏறும்?” என்று தலைமையாசிரியையிடம் வாதாடினாராம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். குறுவட்ட கோ-கோ போட்டியில் ஜெயித்து, விழுப்புரத்தில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் போனால் பீரியட் இருக்கும். தோற்றால் கணக்கு.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பயிற்சி. இடம்தான் பெரிய பேஜார். எங்கள் பள்ளி மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் காலத்தில் பாதி ஊர் அங்கேதான் காயப்போடும். இரண்டு பக்கமும் தார்ப்பாய், நடுவில் கொஞ்சம் மண். ஒரு பக்கம் முழுக்க என் மனைவியின் அண்ணனுடையது. கோழி விரட்டக் குச்சியோடு அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

“ஏய், ஓரத்துல போவாத! மேல கால வச்சா நொறுங்கிடும்!”

“நாங்க இன்னா கோழியா மாமா?” என்பாள் என் மகள்.

“கோழியாவது சொன்னா கேக்கும்டி!”

போட்டியன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். மச்சானும் வந்தார். பை நிறைய அவித்த மல்லாட்டை.

கோ-கோ தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓர் அணி நடுக்கோட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒருத்தி மட்டும் துரத்துவாள். உட்கார்ந்திருப்பவள் முதுகில் தட்டி அவள் ‘கோ’ என்றால், இவள் எழுந்து துரத்துவாள். எதிரணி மூன்று மூன்று பேராக இறங்கி, நேரம் முடிந்து விசில் அடிக்கும் வரை கையில் சிக்காமல் ஓட வேண்டும். தொட்டால் அவுட், துரத்துகிறவர்களுக்கு ஒரு பாயிண்ட்.

துரத்துவதில் எங்கள் பிள்ளைகள் புலி. அதை வைத்தே கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். ஆனால் ஓடுவதில் சொதப்பல். மைதானம் அவ்வளவு அகலமாகக் கிடக்கிறது, இவர்களோ நடுக்கோட்டை உரசிக்கொண்டே ஓடுகிறார்கள். எட்டித் தொடுவதற்கு எதிரணிக்கு என்ன கஷ்டம்? பக்கத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன.

“கோந்து தடவி ஒட்டுன மாதிரி ஓடுதுங்கடி!”

கடைசிச் சுற்று. எங்கள் பிள்ளைகள் முதலில் துரத்தி நிறைய பாயிண்ட் சேர்த்தார்கள். அடுத்து ஓட வேண்டியது பாக்கி. முதல் மூன்று பேரும் வந்த வேகத்தில் அவுட். மிச்சமிருந்த முன்னிலை மூன்றே பாயிண்ட். அடுத்த மூன்று பேரில் என் மகள். அதிலும் ஒருத்தி உடனே போய்விட்டாள்.

“அகலமா ஓடுங்கடி!” என்று மிஸ் கத்துகிறார். தலையை ஆட்டுகிறார்கள், ஆனால் கால் கேட்கவில்லை. ஓரக் கோட்டுக்கு வெகுதூரம் முன்னாலேயே சட்டென்று திரும்பிவிடுகிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் தார்ப்பாய் ஆரம்பிக்கிற இடம் அது!

“மச்சான், இது உங்க மல்லாட்டை பண்ற வேல.”

“இன்னாய்யா ஒளர்ற?”

“நல்லா பாருங்க. ஓரத்துக்கே போவாம திரும்புதுங்க. தெனம் கத்திக் கத்தி நீங்கதான பழக்கி வச்சீங்க?”

பார்த்தார். வாயில் போட்டதை மெல்ல மறந்தார். எழுந்தார். கோழி விரட்டும் அதே குரல்.

“ஏய்! ஓரத்துல போங்கடி! அங்க மல்லாட்டை இல்ல! நல்லா மிதிச்சி ஓடுங்க!”

மைதானமே திரும்பிப் பார்த்தது. என் மகள் ஓடிக்கொண்டே சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் கால் ஓரத்துக்குப் பறந்தது. சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி ஒரு வளைவு. துரத்தியவள் கை காற்றைத்தான் தொட்டது. மறுபடி நடுவில் புகுந்து, அந்தப் பக்க ஓரம். யப்பா! அத்தனை அகலமும் அவளுடையது!

கூட ஓடியவளும் அவுட். இவள் மட்டும் தனியாக.

“ஜல்தி! ஜல்தி!” என்று மச்சான் என் தோளைப் போட்டு அடிக்கிறார். விரல் நுனி அவள் சடையை உரசியது. குனிந்தாள், நழுவினாள், ஓரத்துக்கு ஓடினாள். விசில்!

ஒரே ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். பிள்ளைகள் ஓடி வந்து மச்சானைத்தான் சூழ்ந்தார்கள், என்னை இல்லை. பை காலி.

“இன்னா மாமா, இனிமே ஓரத்துல போலாமா?”

“போங்கடி, போங்க. மல்லாட்டைய எங்க வீட்டு மாடியில கொட்டிக்கிறேன்.”

மறுநாளே தார்ப்பாயைச் சுருட்டிவிட்டார். இன்னொருத்தர் விரிக்க வந்தால், “யோவ், புள்ளைங்க ஓடுற எடம்யா இது” என்று அவரே சண்டைக்குப் போகிறார். சொல்லிச் சொல்லி இன்னொரு பக்கமும் காலியாகிவிட்டது.

பீரியட் இருக்கிறது. போன வாரம் அந்த வழியாகப் போனேன். அணியில் இருப்பவர்கள் மட்டுமில்லை, ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் வெளியே. ஓடிப் பழக்கமே இல்லாத ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்து, ஓரத்துக்கு முன்னால் நின்றாள்.

“அங்க ஒண்ணும் இல்லடி, வா!” என்று என் மகள் கத்தினாள்.

அந்தப் பெண் ஓரம் வரைக்கும் ஓடினாள்.