மாமா ஓட்டை போட்ட சுவர்

டிவி மாட்டுவதில் என் மாமாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் எழும்பிய ஃப்ளாட்டுகளில் பாதிச் சுவர்களில் அவர் போட்ட ஓட்டைதான் இருக்கும். அதனால், பூந்தமல்லியில் நான் ஆறாவது படித்த அரசுப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்ததும், மாமா வந்து மாட்டிவிடுவார் என்று அவரைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் வகுப்பு இருந்தது வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடத்தில். தேக்கு உத்தரம் தாங்கிய உயரமான கூரை, வளைவு வைத்த தாழ்வாரம், இரண்டு பேர் ஏறி உட்காரும் அளவுக்கு ஆழமான ஜன்னல். ஃபேன் நின்றாலும் வேர்க்காது. ஆனால் பழைய சுவரில் போர்டு நிற்காவிட்டால் புதுக் கட்டடத்து பி செக்‌ஷனுக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பி செக்‌ஷன்காரிகள் அன்றைக்கே எங்களைப் பார்த்து இளிக்க ஆரம்பித்தார்கள்.

பள்ளி விட்டதும் மாமா வந்து டிரில் மிஷினை வைத்தார். அழுத்தக்கூட இல்லை, பொலபொலவென்று காரை கொட்டியது. செருகிய ஸ்க்ரூ கையோடு வந்தது. பெரிய ஸ்க்ரூவுக்குப் பெரிய ஓட்டை போட்டார், அதுவும் வந்தது. கடைசியில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை ஆகிவிட்டது.

"இன்னா டீச்சர், செவுரா இது? புட்டு மாதிரி உதிந்துகினு கீது!"

எங்கள் வகுப்பு டீச்சர் தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து குமணன்சாவடியில் தோழியோடு தங்கியிருந்தவர். அவர் சிரிக்காமல் விளக்கினார். சிமெண்ட் புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் கட்டியது, சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசியது, அவசரப்பட்டால் உதிரத்தான் செய்யும் என்றார். மாமா தலையெல்லாம் காரையோடு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளும் வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். அதற்கடுத்த நாளும் வந்தார். வேலையைவிடக் கேள்விதான் அதிகம். இந்த வளைவு எதற்கு, உத்தரம் எந்த ஊர் மரம், அந்தக் காலத்தில் இங்கே யாரெல்லாம் படித்தார்கள். ஒன்பதாவதில் வரலாற்றில் கோட்டை விட்டுப் படிப்பையே நிறுத்தியவர் கேட்கிற கேள்வியா இது! போர்டு தரையிலேயே கிடந்தது. போர்டுத் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மாலையும் இருவரும் பேச்சை முடிக்காததைப் பார்த்து, எனக்கு ஆத்திரம் தாங்காமல் ஓவென்று அழுதுவிட்டேன்.

டீச்சர் பதறிப்போய் எழுந்தார். நேரே சுவரிடம் போய், ஓட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, ஸ்கேலால் வெள்ளையைச் சுரண்டினார். உள்ளே செங்கலோடு செங்கலாக, கட்டும்போதே பதித்த தேக்குக் கட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. தேசப்படம் மாட்டுவதற்காக வைத்தார்களாம். எல்லா வகுப்பிலும் உண்டாம். மாமா அதில் ஸ்க்ரூவை முடுக்கினார். போர்டு கிண்ணென்று நின்றது.

"மொத நாளே சொல்லியிருக்கலாமே டீச்சர்?" என்றேன்.

டீச்சர் தூசியே இல்லாத போர்டைத் துடைக்க ஆரம்பித்தார். மாமா தன் கையிலேயே இருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த தையில் டீச்சர் எனக்கு அத்தையாகவே வந்துவிட்டார். ஆனாலும், கட்டை இருப்பது தெரிந்தும் என்னை அழவிட்டதற்காக நான் ரொம்ப நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.